முதுகுச் சுமையும் வான்வழித் தெளிப்பும்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காரியாபட்டியைக் கடப்பவர், கார்த்திகை மாதத்தில் இருமருங்கும் நோக்குவாராயின், மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்து நிற்பதைக் காண்பார். இது வானத்தை நம்பிய நிலம். வடகிழக்குப் பருவமழை வேளைக்கு வந்தால் விளைச்சல், தவறினால் கடன். கம்பும் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் விளைந்த கரிசற்காட்டில் இன்று மக்காச்சோளம் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்பயிரின் தலைக்குமேல், வண்டு முரல்வது போன்ற ஓசையோடு, நான்கு அல்லது ஆறு சுழலிகள் கொண்ட சிறுபொறி ஒன்று பறந்து மருந்து தெளிப்பது தமிழகத்துக் காடுகளில் இப்போது காணக்கூடிய காட்சியாகிவிட்டது.

மாணவ நண்பர்களே, இப்பொறியைப் பேச்சில் ட்ரோன் என்கிறோம். எழுத்தில் ஆளில்லா வானூர்தி என்கிறோம். ட்ரோன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் தேனீ என்பது பொருள். 1935-ஆம் ஆண்டில் பிரிட்டனில், பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பறக்கவிடுவதற்கென்று வானொலி அலைகளால் இயக்கப்பட்ட விமானம் ஒன்றுக்கு ‘ராணித் தேனீ’ என்று பெயரிட்டனர். அதையொட்டி அமெரிக்கக் கடற்படையினர் தம்முடைய பொறிக்கு ‘ஆண் தேனீ’ என்று பெயர் வைத்தனர் என்பர். பூச்சியின் பெயரைத் தாங்கிய பொறி பூச்சியைக் கொல்லும் தொழிலுக்கு வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கையே. அது நிற்க. நஞ்சைப் பயிரின்மேல் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மனிதன் எவ்வெவ் வழிகளைக் கையாண்டான், ஒவ்வொரு வழியிலும் அந்நஞ்சு பயிரைத் தவிர வேறு யார்மேல் விழுந்தது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எம் பாட்டிமார் காலத்தில் அவரைக்கொடியில் அசுவினி பற்றினால் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். விடியற்காலையில், இலையில் பனியீரம் இருக்கும்போதே தூவ வேண்டும், அப்போதுதான் ஒட்டும். தெளிப்பு முறையின் முதற்பாடம் அதிலேயே அடங்கியிருக்கிறது. எதைத் தூவுகிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, எந்நேரத்தில் எவ்வாறு தூவுகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். சாம்பல் கண்ணில் விழுந்தால் சற்று உறுத்தும், அவ்வளவே.

1952-இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லியைச் செய்யும் ஆலை தொடங்கப்பட்டது. நான் சிறுவனாயிருந்த நாளில் அத்தூள் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. மெல்லிய துணிப்பையில் தூளைக் கட்டி, குச்சியால் தட்டிக்கொண்டே சால் சாலாக நடப்பார்கள். வேலை முடிந்து வரப்பில் வந்து அமர்பவரின் புருவமும் மீசையும் வெளுத்திருக்கும். சிறுவர்களாகிய நாங்கள் அதைக் கண்டு சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அத்தூள் மண்ணிலும் உடற்கொழுப்பிலும் நெடுநாள் தங்கக்கூடியது என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. 1997-இல்தான் இந்திய அரசு அதைத் தடைசெய்தது.

தூளுக்குப் பதிலாக நீரில் கலந்து தெளிக்கும் முறையோ நம் நாட்டில் தோன்றியதன்று. அதன் பிறப்பிடம் பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டம். போர்டோ நகரை அடுத்த தோட்டக்காரர்கள், வழிப்போக்கர் பழத்தைப் பறித்துத் தின்னாதிருக்கும் பொருட்டு, பாதையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரைப் பூசி வைப்பது வழக்கம். அவ்வாறு பூசிய கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராதிருப்பதை மில்லார்தே என்னும் தாவரவியற் பேராசிரியர் கவனித்தார். திருடரை விரட்டப் பூசியது நோயை விரட்டியது. 1885-இல் அவர் வெளியிட்ட அக்கலவையே இன்றும் நம் தோட்டக்காரர் ‘போர்டோ கலவை’ என்று வழங்குவது. அதனை ஆயிரக்கணக்கான கொடிகளுக்குத் தெளிக்க வேண்டியிருந்தபோது, வெர்மொரெல் முதலிய பிரெஞ்சுக் கைவினையாளர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் செப்புத் தொட்டியையும் கைப்பம்பையும் செய்து விற்றனர். இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் கைத்தெளிப்பான் அச்செப்புத் தொட்டியின் பேரப்பிள்ளை.

திராட்சைக்கொடி இடுப்புயரமோ மார்புயரமோதான் இருக்கும். மருந்து முன்னே விழும். மனிதன் மேல் அதிகம் படாது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அதே தொட்டியைச் சுமந்து சென்றபோது நிலைமை மாறிவிட்டது. ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் கலவை தெளிக்க வேண்டும். தொட்டி பிடிப்பது 16 லிட்டர். எனவே ஓர் ஏக்கருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் பதினாறு கிலோவுக்கு மேற்பட்ட சுமையோடு, தலைக்குமேல் வளர்ந்த பயிருக்குள் புகுந்து நடக்க வேண்டும். முன்னால் தெளித்த இலையின் ஈரத்திலேயே உடல் உரசிச் செல்லும். தொட்டியின் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் முதுகு வழியே மருந்து வழியும். நம் வெயிலில் முகமூடியும் கையுறையும் ரப்பர்ச் செருப்பும் அணிந்து வேலை செய்யச் சொல்வது எளிது, செய்வது அரிது. அதைச் செய்பவர் பெரும்பாலும் நிலத்துக்கு உரியவரல்லர், நாட்கூலிக்கு வந்தவர். எந்த மருந்து, என்ன அளவு என்று முடிவு செய்பவர் ஒருவர். அதைச் சுவாசிப்பவர் மற்றொருவர்.

இதன் விளைவை நாடு முழுவதும் கண்டது 2017-ஆம் ஆண்டில். மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், மழைக்காலப் பருத்தி அவ்வாண்டு வழக்கத்தினும் உயரமாக வளர்ந்திருந்தது. அதற்குள் நின்று மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டில் நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் உயிரிழந்தனர். ஆகவே, மருந்தை மனிதனின் முதுகிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று எவரேனும் கூறினால், அது சோம்பேறித்தனத்தால் எழுந்த பேச்சென்று தள்ளிவிடுதல் தகாது.

முதுகிலிருந்து இறக்கி எங்கே வைப்பது? வானத்தில் வைக்கலாம் என்ற எண்ணம் முதல் உலகப்போர் முடிந்ததும் செயலாயிற்று. போருக்கென்று செய்த விமானங்களும் அவற்றை ஓட்டப் பழகிய வீரர்களும் அப்போது வேலையின்றி இருந்தனர். 1921 ஆகஸ்டு 3-ஆம் நாள், அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து டிராய் நகருக்கருகே, கட்டால்பா மரத்தோப்பு ஒன்றைக் கம்பளிப்புழுக்கள் மொட்டையடித்துக் கொண்டிருந்தன. ஜான் மக்ரெடி என்னும் இராணுவ விமானி, பக்கவாட்டில் தகரப்பெட்டி பொருத்திய பழைய பயிற்சி விமானத்தில் ஏறி, தோப்பின் ஓரமாகத் தாழப் பறந்தார். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஈய ஆர்சனேட்டுத் தூள் புகைபோல் வெளிவந்து காற்றில் மிதந்து தோப்புக்குள் புகுந்தது. புழுக்கள் ஆயிரமாயிரமாய் உதிர்ந்தன. இதே மக்ரெடிதான் 1923-இல், ஓக்லி கெல்லி என்பவரோடு சேர்ந்து, அமெரிக்காவின் கீழ்க்கரையிலிருந்து மேற்கரை வரை நில்லாமல் பறந்து புகழ் பெற்றவர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். மக்ரெடி தோப்பின் மேலே பறக்கவில்லை. காற்று எப்பக்கமிருந்து வீசியதோ அப்பக்கத்து ஓரத்தில் பறந்தார். தூளைத் தோப்புக்குள் கொண்டு சேர்த்தது காற்று. முதல் நாளிலேயே காற்று இத்தொழிலின் பங்காளியாகிவிட்டது. காற்று நண்பனாயிருந்தால் நன்று. அது திசைமாறினால்?

அக்கேள்வியை அன்று எவரும் பெரிதாகக் கருதவில்லை. மறு ஆண்டே லூசியானா மாநிலத்தில் பருத்திக் கூன்வண்டை ஒழிக்க விமானங்கள் பறந்தன. 1925-இல் அம்மாநிலத்து மன்ரோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டு மருந்து தூவும் கம்பெனி ஒன்று தொழில் தொடங்கியது. மூன்றாண்டுகளில் அது கைமாறிப் புதுப்பெயர் பூண்டது. அதுவே இன்று உலகப் பெரும் பயணி விமான நிறுவனங்களுள் ஒன்றாகிய டெல்டா. பருத்திச் செடிக்குத் தூள் தூவியவர்களின் வாரிசுகள் மனிதரை ஏற்றிக்கொண்டு கடல் கடக்கிறார்கள்! பின்னர் டி.டி.ட்டி. வந்தது; அமெரிக்காவில் காடும் வயலும் ஊரும் பாராமல் விமானத்திலிருந்து தெளித்தார்கள். 1962-இல் ரேச்சல் கார்சன் அம்மையார் எழுதிய ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் வானிலிருந்து தெளிப்பதைப் பற்றியே தனி அத்தியாயம் ஒன்று இருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் வந்தது ஒரு துயரத்தின் பின்னால். 1958-இல் கேரளத்தில், ஃபோலிடால் என்னும் கொடிய பூச்சிக்கொல்லி, உணவுச் சரக்கோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டுக் கோதுமை மாவில் கசிந்தது. அதை உண்டவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே, பத்தாண்டு கழித்து, 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-இல் அதன் விதிகளும் வந்தன. அவ்விதிகளுள் வான்வழித் தெளிப்பைப் பற்றிய விதி ஒன்று உண்டு. தெளிக்கும் பரப்பை அடையாளமிட்டுக் காட்ட வேண்டும். ஒப்புதல் பெற்ற மருந்தை, ஒப்புதல் பெற்ற அளவிலும் உயரத்திலும் மட்டுமே தெளிக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். தொடர்பில்லாத மனிதரும் கால்நடைகளும் அப்பரப்பில் நுழையாமல் தடுக்க வேண்டும். கழுவிக்கொள்ளவும் முதலுதவிக்கும் வசதி வேண்டும். விமானி நஞ்சின் அறிகுறிகளையும் கற்றிருக்க வேண்டும். இவ்விதியை நான் முதன்முதல் படித்தபோது, இதில் சேர்ப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று எண்ணினேன். அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஆயினும், அவ்விதி ஏட்டில் இருந்த காலத்திலேயே காசர்கோடு நிகழ்ந்தது.

கேரளத்தின் வடகோடியில், கன்னட நாட்டை ஒட்டிய மலைச்சரிவுகளில், கேரளத் தோட்டக் கழகத்துக்கு 4,500 ஹெக்டேருக்கு மேற்பட்ட முந்திரித் தோட்டம் உண்டு. முந்திரியின் தளிரை உறிஞ்சும் தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்க, 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை, எண்டோசல்ஃபான் என்ற மருந்தை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். சமநிலத்தில் மரத்தின் தலைக்குச் சற்று மேலே பறப்பது கூடும். மேடும் பள்ளமுமான மலைச்சரிவில் அது எங்ஙனம் கூடும்? உயரப் பறந்தார்கள், உயரத்திலிருந்து விழுந்த துளியைக் காற்று தன் விருப்பப்படி கொண்டுசென்றது. தோட்டங்களுக்கு இடையிடையே வீடுகளும் பள்ளிகளும் ஓடைகளும் இருந்தன. அப்பகுதி மக்கள் மலையைக் கிடையாகக் குடைந்து, கசியும் நீரைச் சேர்த்துக் குடிப்பார்கள். ‘சுரங்கம்’ என்பது அதன் பெயர். சுரங்கத்தின் வாயிலில் திறந்த குட்டையில் அந்நீர் தேங்கும். தெளிக்கும் நாளில் கிணற்றை மூடி வையுங்கள் என்றால், ஓடையை எதைக்கொண்டு மூடுவது?

பட்ரே என்னும் ஊரில் மருத்துவம் பார்த்துவந்த மோகன்குமார், சிறிய ஊரில் இத்தனை மூளைவளர்ச்சிக் குறையும் உடற்குறையும் ஏன் என்று கேட்கத் தொடங்கினார். அவ்வூரைச் சேர்ந்த பத்திரிகையாளர் ஸ்ரீ பட்ரே அதை நாட்டுக்கு எழுதினார். வேளாண்மைத் துறையில் பணிபுரிந்த லீலாகுமாரி அம்மா வழக்குத் தொடுத்தார். 2000-ஆம் ஆண்டில் ஹோஸ்துர்க் நீதிமன்றத்தின் தடை உறுதியாயிற்று, ஹெலிகாப்டர் நின்றது. ஒவ்வொரு நோய்க்கும் காரணம் இம்மருந்துதானா என்று அறிஞர்கள் வாதிட்டதுண்டு. ஆனால் 2011 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் எண்டோசல்ஃபானை நாடு முழுவதும் நிறுத்தியது. 2017-இல், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது. கூலியாளின் முதுகிலிருந்து இறக்கிய நஞ்சு, தொட்டிலில் கிடந்த குழந்தைமேல் விழுந்த கதை இது. நம் காலத்து வேளாண்மை வரலாற்றை எழுதுவோர் இதனை ஓர் அடிக்குறிப்பாக எழுதிவிட்டுப் போகக் கூடாதென்பது என் கருத்து.

இப்போது ட்ரோனுக்கு வருவோம். ஹெலிகாப்டரைச் சிறிதாக்கி, ஆளை இறக்கிவிட்டுத் தரையிலிருந்து இயக்கும் எண்ணம் ஜப்பானில் உருப்பெற்றது. அங்கே நெல்வயல்கள் சிறியவை, வீடுகளை ஒட்டியவை, உழவரோ முதியவராகிக்கொண்டிருந்தனர். யமஹா நிறுவனம் 1987-இல், இருபது கிலோ சுமக்கும் ஆளில்லா ஹெலிகாப்டரை வயலுக்கென்றே செய்து முடித்தது. மின்கலத்தால் ஓடும் பல சுழலிப் பொறிகள் அதற்கு நெடுநாள் கழித்து, சீன நாட்டிலிருந்து பெருவாரியாக வந்தன. நம் நாட்டில் 2020-இல், ராஜஸ்தானைப் பாலைவன வெட்டுக்கிளிகள் மொய்த்தபோது, வண்டி ஏற முடியாத இடங்களிலும் உயர்ந்த மரங்களிலும் மருந்து தெளிக்க மத்திய அரசு ட்ரோன்களைப் பறக்கவிட்டது. 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகளும், டிசம்பரில் பயிருக்கு ட்ரோன் மூலம் மருந்து தெளிக்கும் நடைமுறை நெறிகளும் வெளிவந்தன. 2023-இல், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பதினையாயிரத்துக்கு, விலையில் எண்பது விழுக்காடு வரை, எட்டு இலட்சத்துக்கு மிகாமல், மானியத்தோடு ட்ரோன் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நம் தமிழகமோ இத்துறையில் பின்தங்கியதன்று. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் கற்ற குரோம்பேட்டை எம்.ஐ.டி. கல்லூரி வளாகத்தில் பல்லாண்டுகளாக இவ்வாராய்ச்சி நடைபெறுகிறது. தமிழக அரசு ஆளில்லா வானூர்திகளுக்கெனத் தனிக் கழகமும் ஏற்படுத்தியிருக்கிறது.

காரியாபட்டிப் பக்கத்துக்கு இதன் தேவை எங்கிருந்து வந்தது? 2018 மே மாதத்தில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அவ்வாண்டுப் பருவத்திலேயே தமிழகத்து மக்காச்சோளத்தைத் தாக்கியது. அது குருத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும் புழு. மருந்து குருத்தில் விழ வேண்டும். காலம் தாழ்த்தாமல் விழ வேண்டும். ஊரெங்கும் ஒரே வாரத்தில் விழ வேண்டும். அவ்வளவு கூலியாட்கள் எங்கே? கைத்தெளிப்பானோடு உயர்ந்த பயிருக்குள் புகுவதன் துன்பத்தை முன்பே கூறினேன். ட்ரோனோ மேலிருந்து பார்க்கிறது. குருத்து அதற்கு நேர் கீழே இருக்கிறது. உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் பூக்கும் தருணத்தில் ஊட்டக் கரைசல் தெளிப்பதற்கும் இது ஏற்றது. அதில் நஞ்சுமில்லை, அச்சமுமில்லை.

நான் கணக்கும் அறிவியலும் கற்பித்தவன். ஆதலால் ஒரு கணக்குப் போடாமல் உங்களை விடமாட்டேன். ட்ரோனின் தொட்டி பத்து லிட்டர். அதைக்கொண்டு ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. நீருக்குத் தவிக்கும் நம் நிலத்தில் இது பெருநன்மையன்றோ? ஆனால் ஏக்கருக்கு வேண்டிய மருந்தின் அளவு மாறவில்லை. 200 மில்லி மருந்தை 200 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு ஒரு மில்லி. பத்து லிட்டரில் கலந்தால் இருபது மில்லி. துளி ஒவ்வொன்றும் இருபது மடங்கு கடுமையானது. துளியைப் பொடியாக்கினால்தான் பத்து லிட்டர் ஏக்கர் முழுவதும் பரவும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள துளி, பத்தடி உயரத்திலிருந்து தானே விழுவதற்கு ஏறத்தாழ பதினொரு வினாடி எடுக்கும். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகமுள்ள இளங்காற்று அதற்குள் அதை இருபது மீட்டருக்கு மேல் நகர்த்திவிடும். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் சுமார் 64 மீட்டர். ஆகவே அது காட்டின் மூன்றிலொரு பங்கு தூரம். துளி இன்னும் ஐந்து மடங்கு சிறுத்தால், நான்கு நிமிடத்துக்கு மேல் மிதந்து, அரைக் கிலோமீட்டர் கூடச் செல்லலாம். ட்ரோனின் சுழலிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று துளியை விரைவாக இறக்கும் என்பது உண்மை. அது பயிருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே பறக்கும்போது உண்மை. மின்கம்பிக்கும் பனைமரத்துக்கும் அஞ்சி உயரத் தூக்கினால் அந்நன்மை குறைந்துவிடுகிறது.

இன்னொன்று. முதுகிலிருந்து சுமை இறங்கிவிட்டது. வரப்போரத்தில் நின்று தொட்டிக்குக் கலவை ஊற்றிக் கொடுப்பவர் இன்னும் இருக்கிறார். அவர் கையில் படுவது முன்னிலும் இருபது மடங்கு கடுமையான கலவை. மருந்தடிக்கும் கூலி போய்விட்டதே என்று வருந்துவோரும் உண்டு. அவ்வேலை ஒழிவதில் எனக்கு வருத்தமில்லை. அதைச் செய்தவருக்கு வேறு வேலை தேடிக் கொடுக்காததில்தான் வருத்தம்.

காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்தில் மலையில்லை, முந்திரிக் காடில்லை. ஆனால் காசர்கோட்டுச் சுரங்கத்தைப் போலவே இங்கும் நீர் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. ஊருக்கு ஊர் ஊரணியும் கண்மாயும் உண்டு. ஆடுமாடுகள் அங்கேதான் நீர் குடிக்கின்றன. மக்காச்சோளக் காட்டை அடுத்து மருந்தே காணாத குதிரைவாலிக் காடு இருக்கும். அதற்கடுத்து மல்லிகைத் தோட்டம் இருக்கும். ட்ரோன் பறப்பதற்கு உகந்தது, காற்று எழாத அதிகாலை. மொட்டு விரியுமுன் மல்லிகை பறிக்கப் பெண்கள் தோட்டத்தில் இறங்குவதும், ஆடுகள் கிடையிலிருந்து கிளம்புவதும் அதே அதிகாலைப் பொழுதில்தான்.

ஆகையால் 1971-ஆம் ஆண்டு விதியிலுள்ள அந்த இருபத்துநான்கு மணி நேர முன்னறிவிப்பு இங்கே வெறும் சடங்கன்று. இன்ன நாளில், இன்ன காட்டில், இன்ன மருந்து என்று முதல்நாளே தெரிந்தால், பூப்பறிப்பவர் ஒரு மணி நேரம் கழித்து இறங்குவார். ஆட்டுக்காரர் வேறு கண்மாய்க்கு ஓட்டிச் செல்வார். ஊரணிக் கரையை அடுத்த காட்டுக்காரர் அந்த ஓரத்தை மட்டும் கையால் தெளித்துக்கொள்வார். முன்பு இத்தகைய செய்திகளைத் தண்டோராப் போட்டு அறிவிப்பது வழக்கம். 2022-இல் தமிழக அரசு தண்டோரா முறையை நிறுத்தி, வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு கூறியது. கோயில் திருவிழாவுக்கும் கிராமசபைக் கூட்டத்துக்கும் அவ்வண்டி ஊரைச் சுற்றி வருகிறது. மருந்து தெளிக்கும் நாளின் முன்மாலையிலும் அதே வண்டி அதே தெருக்களில் ஒரு சுற்று வருவதற்கு ஆகும் நேரம் அரைமணிக்கு மேல் இராது.